லூர்துவின் எண்

பேய் பிசாசுக்கெல்லாம் ஜெஸ்லின் பயந்தவள் இல்லை. அவள் பயந்ததெல்லாம் சனிக்கிழமைக் காலையில் வருகிற போன்களுக்குத்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவள். வாரம் முழுக்கச் சாதுவாக ஓடிய மெஷின், சனிக்கிழமை இட்லித்தட்டை அடுப்பில் ஏற்றும் நேரம் பார்த்துத்தான் படுக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆடி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையும் அப்படித்தான் டாக்டர் பீமராவ் கூப்பிட்டார். எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்கூட்டியைக் கிளப்பி அவள் புத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

டாக்டரின் எக்ஸ்ரே சென்டர் ஒரு பழைய வீட்டில் இருந்தது. யாரோ குடும்பம் நடத்திய வீடு. முன்கூடத்தில் இப்போது நோயாளிகளுக்கான இரும்பு நாற்காலிகள், படுக்கையறையில் எக்ஸ்ரே மெஷின், மாடிப்படிக்கு அடியில் அரிசி மூட்டை அடுக்குகிற இருட்டுப் பொந்தில் சர்வர். பதினாலாயிரம் பேரின் நெஞ்சும் முதுகும் முழங்காலும் அந்தப் பொந்துக்குள் படமாகக் கிடந்தன.

கேட்டைத் திறந்துவிட்டவர் உதவியாளர் பிலோமின்ராஜ். அறுபதைத் தொட்ட மனிதர். ஜெஸ்லினின் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்ததும் எந்தக் கோயில் பங்கு, எந்தச் சாமியார் என்று விசாரித்துவிட்டுத்தான் அவளை உள்ளே விட்டார். மாடிப்படிப் பக்கம் திரும்பியதுமே ஜெஸ்லினின் மூக்கில் ஏறியது நீலகிரித் தைல வாசனை. சளி பிடித்த வீட்டில் அடிக்கிற வாசனை. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்லைங்க மேடம். லூர்து சார் பூசிக்குவாரு. அவரு போயி அஞ்சு மாசமாச்சு, வாசம் மட்டும் போக மாட்டேங்குது."

லூர்துதான் இங்கே பத்தொன்பது வருஷம் படம் எடுத்தவர். சர்வரை வாங்கி வைத்தவரும் அவரே, ஆண்டவரும் அவரே. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நெஞ்சு வலிக்கிறது என்றுகூட யாரிடமும் சொல்லாமல், மெஷினுக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். நல்ல மனுஷன் என்றார் பிலோமின்ராஜ். ஒரே ஒரு கெட்ட பழக்கம். படம் எடுக்கும்போது மூச்சை இழுங்க, பிடிங்க என்று சொல்லிவிட்டுத் திரையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். விடுங்க என்று சொல்ல மறந்துவிடுவார். நோயாளிகள் கண் பிதுங்கி நிற்பார்கள். கடைசியில் பிலோமின்ராஜ்தான் கதவிலிருந்து 'விடுங்க, விடுங்க' என்று கத்துவாராம். சொல்லிச் சிரித்தார் அவர். ஜெஸ்லினும் சிரித்து வைத்தாள்.

பழுது இதுதான். டாக்டர் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இரண்டாவது சென்டர் திறந்திருந்தார். அங்கே வைத்த புதுக் கம்ப்யூட்டரிலிருந்து புத்தூர் சர்வரில் இருக்கும் பழைய படங்களைப் பார்க்க வேண்டும். வரிசை தெரிகிறது, தேதி தெரிகிறது. திறந்தால் மட்டும் 'அனுமதி இல்லை' என்கிறது. ஒன்றல்ல, லூர்து எடுத்த அத்தனை படங்களும் அப்படி. புத்தூரிலேயே உட்கார்ந்து பார்த்தாலும் அதே கதைதான்.

நாலு நாள் கழித்துப் பார்த்தால்கூட டாக்டருக்கு ஒன்றும் குடி முழுகாது. அவசரம் வேறு ஒருத்திக்கு. ஸ்ரீரங்கம் சென்டரில் வேலை பார்க்கும் தஸ்லிமா காலையிலிருந்து மூன்று முறை ஜெஸ்லினுக்குப் போன் செய்துவிட்டாள். அவளுடைய அம்மா கமருன்னிசாவின் வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை காலை நெஞ்சைத் திறந்து பார்க்க நாள் குறித்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை, இருதயமும் பலவீனம். ஐந்து வருஷத்துக்கு முன் லூர்து எடுத்த படம் கிடைத்து, அதிலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால், அது என்றோ ஆறிப்போன தழும்பு. கத்தியே வேண்டாம். வீடு மாறியபோது கையிலிருந்த படம் தொலைந்துபோனது. மிச்சமிருக்கும் ஒரே பிரதி அந்தப் பொந்துக்குள்.

"திங்கக்கிழமைக்குள்ள கிடைச்சிருமாக்கா?" என்று கேட்டாள் தஸ்லிமா. ஜெஸ்லின் வாக்குக் கொடுத்துவிட்டாள். வாக்குக் கொடுப்பது அவளுக்கு இருக்கிற வியாதி.

சர்வர் அலமாரியின் கதவைத் திறந்தாள். உள்ளே வெக்கை. இரண்டு டிஸ்குகளில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துப் போட்டால் திரும்ப எழும் என்று சத்தியம் பண்ண முடியாத கிழட்டு மெஷின். அதன் மாஸ்டர் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை, லூர்து கையோடு கொண்டுபோய்விட்டார். பாஸ்வேர்டை மாற்றுவதென்றால் மெஷினை அணைத்தாக வேண்டும். பதினாலாயிரம் பேரின் படத்தைப் பணயம் வைக்க டாக்டரும் சம்மதிக்கவில்லை, ஜெஸ்லினுக்கும் துணிச்சல் வரவில்லை.

அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பச்சை மையில், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி அழகான கையெழுத்து. 1001 டாக்டர், 1002 ரிசப்ஷன் என்று வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுத்த எண்கள் வரிசையாக இருந்தன. கடைசியில்:

1013 – லூர்து.
வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. இந்த மாதிரி சர்வர்களுக்கு ஆளின் பெயர் தெரியாது. பெயரெல்லாம் நமக்காக வைத்த அலங்காரம். உள்ளே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் ஆள். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வந்து 'நான் 1013' என்று சொன்னால் போதும். முகம் பார்க்காது, ஆதாரம் கேட்காது. வா ராஜா என்று கதவைத் திறந்துவிடும். ஆகவே பூட்டிய படங்களைத் திறக்க ஒரு குறுக்குவழி இருந்தது. ஸ்ரீரங்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு புதுக் கணக்கு உண்டாக்கி, அதற்கு 1013 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற திருட்டு வேலைதான்.

சீட்டிலிருந்த எச்சரிக்கையை ஜெஸ்லின் படிக்காமல் இல்லை. போனவரின் எண்ணைப் புது ஆளுக்குக் கொடுக்கக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். கொடுத்தால் பழைய ஆளின் பொருளெல்லாம் புது ஆளுக்குச் சேர்ந்துவிடும். ஒழுங்கான மனுஷன், எழுதி வைத்திருக்கிறார் என்று மெச்சிக்கொண்டாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

காவிரிப் பாலத்தில் ஆடிக்கூட்டம். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பஸ்களுக்கு நடுவே நெளிந்து அவள் ஸ்ரீரங்கம் சேர இரண்டு மணி ஆகிவிட்டது. தஸ்லிமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. முக்காட்டை இடது தோளில் வெள்ளை ஊக்கு ஒன்றால் குத்தியிருந்தாள். ஊக்கின் தலையில் மீன் வடிவம். அம்மா வாங்கிக் கொடுத்தது என்று பேச்சுவாக்கில் சொன்னாள்.

பழைய படங்களை இனி தினமும் எடுத்துப் பார்க்கப்போவது தஸ்லிமாதான். எனவே அவள் பெயரிலேயே கணக்கை உண்டாக்கினாள் ஜெஸ்லின். எண் கேட்டது. 1013 என்று அடித்தாள்.

வரிசை ஒரு நொடி நடுங்கி நின்றது. பதினாலாயிரம் படங்களுக்கும் நேரே, எண் இருந்த இடத்தில் தஸ்லிமா, தஸ்லிமா, தஸ்லிமா என்று பெயர் இறங்கியது. அத்தனையும் தான் எடுத்ததாமே என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கமருன்னிசாவின் படம் திறந்தது. நிழல் இருந்தது. அதே இடம், அதே கொட்டைப்பாக்கு அளவு. டாக்டர் பீமராவ் தன் அறையிலிருந்து வந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அரைமணி பேசினார். ஐந்து வருஷமாக அசையாத தழும்பு, கத்தி வேண்டாம், ஆறு மாசம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தஸ்லிமா ஜெஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜெஸ்லினுக்கும் கண் கலங்கியது. இந்தப் பிழைப்பில் இப்படி ஒரு நாள் லேசில் வாய்க்காது.

அதோடு எழுந்து போயிருக்கலாம். வரிசையின் அடியில் ஒரு போல்டர் கண்ணில் பட்டது. அதன் பெயரும் 1013தான். மற்ற படங்களின் பெயரும் தேதியுமாவது வெளியே தெரிந்தன. இதை லூர்துவைத் தவிர யாரும் தொட முடியாதபடி பூட்டியிருந்தார். ஜெஸ்லின் திறந்தாள்.

பதினோரு நெஞ்சுப் படங்கள். மாதம் ஒன்று. நோயாளியின் பெயர் இல்லை. எல்லாம் ஒரே ஆளுடையவை, ஏனென்றால் கழுத்தடியில், இடது காறை எலும்பில் ஆறு திருகாணி போட்ட ஒரு தகடு எல்லாவற்றிலும் இருந்தது. முதல் படத்தில் நுரையீரலில் கடுகளவு வெள்ளை. அடுத்ததில் மிளகு. அப்புறம் பட்டாணி. கடைசிப் படத்தில் அந்தப் பக்கம் முழுக்கப் பஞ்சடைத்த மாதிரி வெளுத்திருந்தது.

பிலோமின்ராஜுக்குப் போன் செய்தாள். லூர்துவுக்கு எலும்பில் தகடு உண்டா?

"ஆமாங்க, மன்னார்புரத்துல பைக்குல விழுந்தாரே." கொஞ்சம் யோசித்துவிட்டு, தினமும் மூணு மணிக்குத் தன்னை டீக்கு அனுப்பிவிடுவார், மாசத்தில் ஒரு நாள் அந்த நேரத்தில் எக்ஸ்ரே ரூமை உள்ளே பூட்டிக்கொள்வார் என்றும் சொன்னார்.

ஆக, ஊருக்கெல்லாம் படம் எடுத்த மனிதர் தன்னையே எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்திருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதருக்காக ஜெஸ்லின் மாதாவிடம் ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொன்னாள்.

சொல்லி முடிக்கவில்லை. வரிசையில் பன்னிரண்டாவதாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

இன்றைய தேதி. மணி மூன்று பத்து. எடுத்தவர்: தஸ்லிமா.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. அங்கே யார் படம் எடுக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை, ரூம் பூட்டியிருக்கிறது, இரண்டு மணியிலிருந்து கரண்டே இல்லை, பேட்டரியில் சர்வர் மட்டும்தான் ஓடுகிறது என்றார் பிலோமின்ராஜ்.

தஸ்லிமாவே கையை நீட்டிப் படத்தைத் திறந்தாள்.

காறை எலும்பில் தகடு இல்லை. ஒல்லியான விலா எலும்புகள். சின்ன நெஞ்சு. இடது தோளில், எலும்புக்கு மேலே, பளிச்சென்று ஓர் ஊக்கு. அதன் தலையில் ஒரு மீன்.

வலப்பக்கம் கடுகளவு வெள்ளை.

தஸ்லிமாவின் விரல்கள் தோளிலிருந்த ஊக்கைத் தேடிப் போயின. பிறகு இருமினாள். வறட்டு இருமல், இரண்டு தரம். அந்தச் சின்ன அறையில் குப்பென்று நீலகிரித் தைலம் வீசியது.

"அக்கா, இது நானா?"

ஜெஸ்லின் வாயில் வந்ததைச் சொன்னாள். பழைய படம், தேதி குழம்பியிருக்கிறது, கிழட்டு மெஷின் இப்படித்தான் உளறும். சொல்லிக்கொண்டே தஸ்லிமாவின் எண்ணை மாற்றினாள். 1013 போய் 1021 ஆயிற்று. பதினாலாயிரம் படங்களிலிருந்தும் அந்தப் பெண்ணின் பெயர் மறைந்து, பழையபடி வெறும் எண் வந்து நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான், செய்த மடத்தனம் உறைத்தது.

முதலில் படத்தை அழித்துவிட்டு அப்புறம் எண்ணை மாற்றியிருக்க வேண்டும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, அது. எண்ணை மாற்றினால் ஆள்தான் மாறுவாள். அந்த எண்ணில் எடுத்த படம் அந்த எண்ணுக்கே சொந்தம். தஸ்லிமாவின் நெஞ்சுப் படம் லூர்துவின் போல்டருக்குள் மாட்டிக்கொண்டது. தன் படத்தைத் தானே பார்க்க இனி தஸ்லிமாவுக்கு அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்கு மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் புத்தூர் சர்வரை எட்டிப் பார்த்தாள். பூட்டிய போல்டரைத் திறக்க முடியாதுதான். ஆனால் உள்ளே கடைசியாக ஒரு பொருள் எப்போது வைக்கப்பட்டது என்பது வெளியே தெரியும். காலையில் சனி, மூன்று பத்து என்றிருந்தது. மாலையில் பார்த்தபோது ஞாயிறு, மூன்று பத்து.

திங்கட்கிழமை தஸ்லிமா வேலைக்கு வரவில்லை. இருமல் விடவில்லை என்று அவள் அம்மா போனில் சொன்னார். தனக்காகப் பயந்து பயந்து பிள்ளை படுத்துவிட்டாள் என்று கமருன்னிசா தன்னையே திட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் டாக்டரே தஸ்லிமாவை வரவழைத்து ஸ்ரீரங்கத்தில் படம் எடுத்தார். சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஜெஸ்லின் போல்டரைப் பார்த்தாள். திங்கள், மூன்று பத்து.

ராத்திரி முழுக்கப் புரண்டாள். நல்ல படம் ஒன்று இங்கே, கெட்ட படங்கள் அங்கே. லூர்துவின் கதையிலும் முதலில் கடுகுதான். அந்தப் படங்களை அழிக்க ஓர் ஆளால்தான் முடியும். 1013. அந்த எண்ணை அறியாத பெண்ணின் தலையில் கட்டியவள் யார்? அம்மாவைப் பிழைக்க வைத்தோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு மகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் யார்? இதற்கு வேறு யாரும் பதில் சொல்லப்போவதில்லை. விடியும்போது, ஆனது ஆகட்டும் என்று எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்குப் புத்தூர் சென்டரில் நோயாளிகள் இல்லை. டாக்டர் ஸ்ரீரங்கத்தில். பிலோமின்ராஜ் எக்ஸ்ரே ரூமைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு முன்கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். மாடிப்படி ஓரத்துக் கம்ப்யூட்டரில் ஜெஸ்லின் உட்கார்ந்தாள். வெளியே ஆடிக்காற்று ஒரு ஜன்னல் கதவை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

புதுக் கணக்கு. பெயர் கேட்டது.

பொய்ப் பெயர் ஒன்று கொடுக்கலாம் என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தாள். இப்போது விரல் நின்றது. பொய்ப் பெயருக்கு நுரையீரல் ஏது? ஆள் இல்லையென்றால் அந்த எண் கடைசியாக வைத்திருந்தவளிடமே போய்விட்டால்?

ஜெஸ்லின் என்று அடித்தாள். எண்: 1013.

போல்டர் திறந்தது. லூர்துவின் பதினொன்று. அதன்கீழ் ஊக்கோடு மூன்று. கடுகு, மிளகு, பட்டாணி.

மூன்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள். நிச்சயமா என்று மெஷின் மூன்று தடவை கேட்டது, மூன்று தடவையும் ஆமாம் என்றாள். லூர்துவின் படங்களைத் தொடவில்லை. மணி மூன்று. முன்கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. பிலோமின்ராஜ் பழக்கம் மாறாமல் டீக்குக் கிளம்பிப் போகிற சத்தம், அப்புறம் கேட் சத்தம்.

மூன்று பத்துக்குள் இந்தக் கணக்கை நீக்கிவிட்டு ஓடிவிட வேண்டும். நீக்கச் சொன்னாள்.

முடியாது, இந்த ஆள் இப்போது வேலையில் இருக்கிறார் என்றது மெஷின்.

திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினாள். மறுபடி சொன்னாள்.

இந்த ஆள் வேலையில் இருக்கிறார்.

ஜன்னல் அடிப்பது நின்றிருந்தது.

நீலகிரித் தைலம் நெடியேறியது. மாடிப்படிப் பொந்திலிருந்து இல்லை. பூட்டியிருந்த எக்ஸ்ரே ரூமிலிருந்து. கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. சாவி ஆணியில்தான் தொங்கியது.

உள்ளே யாரோ இருமினார். வறட்டு இருமல், இரண்டு தரம்.

பிறகு, பத்தொன்பது வருஷம் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல், சாதாரணமாக, மரியாதையாக:

"மூச்சை இழுங்க… பிடிங்க."

எங்கோ ஒரு சொடுக்குச் சத்தம். விளக்கு அணைந்தது.

திரையில் புதிதாக ஒரு படம் வந்து உட்கார்ந்திருந்தது. திறக்க வேண்டாம் என்று மனசு கெஞ்சியது. திறந்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னச் சிலுவை. அதன் ஒரு கை லேசாக வளைந்திருந்தது. சின்ன வயதில், கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய வருஷம் அவள் கடித்துக் கடித்து வளைத்தது அது.

பக்கத்தில், கடுகளவு.

எழுந்தாள். கால் தானாக அலமாரிப் பக்கம் போனது. கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். 1013க்கு நேரே லூர்துவின் பெயரைப் பச்சை மையில் ஒரே கோடாக அடித்திருந்தது. பக்கத்தில் அதே அழகான கையெழுத்தில், ஜெஸ்லின்.

அடியிலிருந்த வரி அப்படியே இருந்தது. வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

போன் அடித்தது. தஸ்லிமா. குரலில் நாலு நாளாக இல்லாத தெளிவு. சற்று முன்தான், தூங்கி எழுந்ததும், யாரோ நெஞ்சின் மேலிருந்து இறங்கிப் போன மாதிரி இருந்ததாம். ஒரு தட்டு சோறு சாப்பிட்டாளாம். இருமலே இல்லையாம். பின்னணியில் கமருன்னிசா அல்லாஹ்விடம் துஆ ஓதும் சத்தம் கேட்டது.

"இப்ப நல்லா மூச்சு விட முடியுதுக்கா," என்றாள்.

ஜெஸ்லினுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உண்மையாகவே சந்தோஷம். நல்லது என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இழுத்த மூச்சை அவள் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்பது.

பிலோமின்ராஜ் டீக்கடையில் இருந்தார். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து யாரும் 'விடுங்க' என்று சொல்லவில்லை.